பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: மதுரை வட்டாரப் பதிவுகளை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பதிவு செய்த பேச்சைத் தானாக எழுத்தாக்கித் தரும் மென்பொருள்கள் தமிழுக்கும் இன்று பல கிடைக்கின்றன. அவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது. வானொலிச் செய்தியைப் பெரிய பிழையில்லாமல் எழுதித் தரும் ஒரு மென்பொருள், மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து பேசியதை எழுதும்போது வரிக்கு வரி தடுமாறலாம். அந்தப் பேச்சை ஓரளவு பிடித்துக்கொள்ளும் இன்னொன்று, பேசியவர் யார், எந்த நிமிடத்தில் பேசினார் என்ற விவரம் எதுவுமின்றி எல்லாவற்றையும் ஒரே பத்தியாகக் கொட்டிவிடலாம். விளம்பரத்தில் காணும் துல்லிய விழுக்காடு வேறு யாருடைய பதிவுகளிலோ எடுத்த கணக்கு; உங்கள் கையிலுள்ள பதிவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆகவே தேர்வை உங்கள் பதிவிலிருந்து தொடங்க வேண்டும். மென்பொருள் எழுதிக் கொடுத்ததைத் திருத்தி முடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தத் தேவை பலருக்கு இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்திலும் பிற கல்லூரிகளிலும் கள ஆய்வு செய்யும் மாணவர்கள், சொந்த ஊரின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுப்பவர்கள், 1901இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளில் நடக்கும் சொற்பொழிவுகளை நூலாக்க நினைப்பவர்கள், உயர் நீதிமன்றக் கிளையில் வாதாடும் வழக்கறிஞர்கள், செய்தியாளர்கள், காணொளிக்கு சப்டைட்டில் சேர்ப்பவர்கள் எனப் பட்டியல் நீளும். இக்கட்டுரை பெரும்பாலும் நேர்காணல் பதிவுகளை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. இருப்பதில் கடினமானது அதுதான் என்பதால், அதற்குச் செய்யும் சோதனை மற்ற பதிவுகளுக்கும் போதுமானதாக இருக்கும்.

எழுத்து எப்படி வர வேண்டும்

மென்பொருளைத் தேடுவதற்கு முன்பே, கடைசியில் கைக்கு வரும் எழுத்து எந்த வழக்கில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. பேசுபவர் "வந்தாய்ங்க" என்று சொன்னால் அதை "வந்தாய்ங்க" என்றே எழுதுவதா, "வந்தாங்க" என்று பொதுவான பேச்சு வழக்குக்குக் கொண்டுவருவதா, "வந்தார்கள்" என்று எழுத்து வழக்குக்கு மாற்றுவதா? வட்டார வழக்கை ஆராய்பவருக்கு முதலாவதைத் தவிர வேறு எதுவும் பயன்படாது. பெரியவர்களின் நினைவுகளை நூலாக்குபவர் இரண்டாவதையோ, இடத்துக்கு இடம் முதலாவதையோ விரும்பலாம். கூட்ட நடவடிக்கைக் குறிப்புக்கு மூன்றாவது போதும்.

மென்பொருள்கள் இம்மூன்றில் எதையும் உறுதியாகப் பின்பற்றுவதில்லை. ஒரே வாக்கியத்தில் ஒரு சொல் எழுத்து வழக்கிலும் அடுத்த சொல் பேச்சு வழக்கிலும் வந்து விழும். அவற்றுக்குப் பயிற்சியாகக் கொடுக்கப்பட்ட ஒலிப்பதிவுகள் பலதரப்பட்டவை என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மோசில்லாவின் காமன் வாய்ஸ் தொகுப்பில், தன்னார்வலர் ஒருவர் திரையில் தோன்றும் வாக்கியத்தை வாசித்துப் பதிவு செய்கிறார். அங்கே ஒலியும் எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழு உருவாக்கிய இண்டிக்வாய்சஸ் தொகுப்பிலோ வாசித்த பேச்சோடு, கேள்விக்குத் தானாகப் பேசிய பேச்சும் உரையாடலும் சேர்ந்திருக்கின்றன. வாசிப்புப் பேச்சையே பெரிதும் கேட்டு வளர்ந்த மாடலிடம் (மென்பொருளுக்குள் பேச்சை எழுத்தாக மாற்றும், பயிற்சி பெற்ற பகுதியிடம்) "அவிய்ங்க அங்கிட்டுப் போயிட்டாய்ங்க" என்ற பேச்சைக் கொடுத்தால், தனக்குத் தெரிந்த சொற்களில் அதற்கு நெருக்கமானதை எடுத்து வைத்துவிடும். ஆகவே எந்த மென்பொருளைப் பரிசீலித்தாலும் அதன் அறிமுகக் குறிப்பில் எவ்வகைப் பேச்சில் பயிற்சி பெற்றது என்று தேடிப் படியுங்கள். அந்தத் தகவல் கொடுக்கப்படாவிட்டால் சோதனையை மட்டுமே நம்புங்கள்.

பேச்சில் வரும் ஆங்கிலச் சொற்களையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். "பேங்க் லோன் சாங்ஷன் ஆகல" என்று ஒருவர் சொன்னால், சில மென்பொருள்கள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தரும். சில ஆங்கிலச் சொற்களை ரோமன் எழுத்தில் தரும். சில இரண்டையும் கலந்து தரும். எண்களும் அப்படித்தான். "ரெண்டு ஏக்கர் நாப்பது சென்ட்" என்பது சொல்லாகவும் வரலாம், "2 ஏக்கர் 40 சென்ட்" என்றும் வரலாம். "எழுவத்தேழுல வெள்ளம் வந்துச்சு" என்று பெரியவர் சொன்னதில் ஆண்டு ஒன்று இருக்கிறது என்பதை மென்பொருள் உணரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இவற்றில் உங்களுக்கு எது வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால், சோதனையின்போது பிழை எது, பிழையல்லாதது எது என்ற குழப்பம் வராது.

பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்

மோசமான பதிவை நல்ல மென்பொருள் காப்பாற்றிவிடும் என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் பலர். தொலைபேசி உரையாடலாகப் பதிவான ஒலி பெரும்பாலும் நொடிக்கு 8,000 மாதிரிகள், அதாவது நொடிக்கு 8,000 முறை ஒலியை அளந்து பதிவது, என்ற அளவில் இருக்கும். அதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் இருக்காது. ச, ஸ, ஃப போன்ற ஒலிகளை வேறுபடுத்திக் காட்டும் பகுதியின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பின்னால் அதை 16,000 மாதிரிகளாக மாற்றினாலும் போனது திரும்பி வராது. ஆகவே நேர்காணலை ஆரம்பத்திலேயே ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 16,000 மாதிரிகளுக்குக் குறையாமல், ஒலியைச் சுருக்காமல் வைத்திருக்கும் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஒரு மணி நேரப் பதிவு சுமார் 115 எம்பி இடம்தான் எடுக்கும். கைபேசியை மேசை மீது வைப்பதைவிடப் பேசுபவரின் சட்டையில் காலர் மைக்கைக் குத்திவிடுவதால் கிடைக்கும் முன்னேற்றம், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதால் கிடைப்பதைவிடப் பல நேரங்களில் பெரியது. ஊரில் கோயில் கொடை நடந்து ரேடியோ செட் பாடிக்கொண்டிருக்கும் நாளில் நேர்காணலை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே மேல்.

கிடைக்கும் வகைகள்

முதல் வகை, நீங்கள் பேசப் பேச எழுதுவது. கைபேசியில் ஜிபோர்டு விசைப்பலகையின் ஒலிவாங்கியும், குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சும் இவ்வகை. இரண்டும் தமிழை ஏற்கும், கட்டணமும் இல்லை. கடிதம், வழக்குக் குறிப்பு, கட்டுரையின் முதல் வரைவு ஆகியவற்றை நிதானமாகச் சொல்லி எழுதவைக்க இவை போதும். பதிவு செய்த கோப்பை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு இவற்றை எழுதவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அறையின் எதிரொலியும் ஒலிபெருக்கியின் குறையும் பதிவோடு சேர்ந்துகொள்வதோடு, நேரக் குறியீடும் பேசுபவர் பிரிப்பும் கிடைக்காது என்பதால் நேர்காணலுக்கு அது வீண் வேலை.

இரண்டாவது வகை, கோப்பைப் பதிவேற்றினால் எழுதித் தரும் இணையச் சேவைகள். கூகுள் கிளவுட், மைக்ரோசாஃப்ட் அஷூர் போன்றவை பதிவின் நீளத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகின்றன. கூகுள் கிளவுடில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் எனத் தனித்தனித் தேர்வுகள் இருப்பதால், அமைப்பில் சரியானதைக் குறித்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த சர்வம் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென்றே பேச்சு மாடல்களை வழங்குகிறது. 2022இல் ஒன்றிய அரசு தொடங்கிய பாஷிணி திட்டத்திலும் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் சேவை உண்டு. உரையாடல் வகைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சிலவற்றிலும் ஒலிக்கோப்பைக் கொடுக்கலாம். அவை தரும் எழுத்து வாசிக்கச் சரளமாக இருக்கும். ஆனால் சொன்னதைச் சுருக்குவதும், திக்கியதை மழுப்புவதும், சொல்லாததை நிரவுவதும் அவற்றின் இயல்பில் கலந்திருப்பதால், சான்றாகப் பயன்படுத்த வேண்டிய பதிவுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வகை, உங்கள் கணினியிலேயே இயங்குபவை. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் இவற்றில் பரவலாக அறியப்பட்டது. எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் வெளியீடு 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது என்று சொல்லப்பட்டாலும், அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் பேச்சுக்குச் சேர்த்துக் கிடைத்த பங்கு சுமார் 1,17,000 மணி நேரம்தான். தமிழுக்கு அதில் ஒரு சிறு துளி. விஸ்பரில் டைனி, பேஸ், ஸ்மால், மீடியம், லார்ஜ் எனப் பல அளவுகள் உண்டு. ஆங்கிலத்துக்குச் சிறிய அளவே போதும் என்று எழுதப்பட்டிருப்பதைப் படித்துவிட்டுத் தமிழுக்கும் அதையே போட்டால் படிக்க முடியாத எழுத்துதான் வரும். தமிழுக்கு மீடியத்துக்குக் கீழே இறங்குவதில் பயனில்லை. லார்ஜ் மாடலை அதன் மூல வடிவில் ஓட்ட, கிராபிக்ஸ் கார்டில் சுமார் 10 ஜிபி நினைவகமும், மீடியத்துக்குச் சுமார் 5 ஜிபியும் தேவை. ஃபாஸ்டர் விஸ்பர், விஸ்பர் சிபிபி போன்ற மாற்று வடிவங்கள் இதைவிடக் குறைந்த நினைவகத்தில் இயங்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியிலும் பொறுமை இருந்தால் ஓடும், இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். ஏஐ4பாரத் குழுவின் இண்டிக் கன்ஃபார்மர் இந்தியாவின் அட்டவணை மொழிகள் 22க்கும் உருவாக்கப்பட்டது, அதுவும் இலவசம். நிறுவுவதற்குக் கணினி நிரல் தெரிந்த ஒருவரின் துணை தேவைப்படும் என்பது மட்டுமே அதன் குறை. தமிழ்ப் பேச்சு என்றால் விஸ்பரோடு இதையும் சோதனையில் சேர்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

சோதனை

உங்கள் பதிவுகளிலிருந்து மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாக நான்கைந்தை வெட்டி எடுங்கள். நேர்காணலின் முதல் மூன்று நிமிடத்தை எடுக்காதீர்கள். ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் திருத்தமாகப் பேசும் நேரம் அது. பேச்சு சூடுபிடித்த பிறகு வரும் பகுதி ஒன்று, பல் போன பாட்டி ஒருவர் பேசுவது ஒன்று, இருவர் குறுக்கும் மறுக்குமாகப் பேசுவது ஒன்று, ஆங்கிலம் கலந்து பேசும் இளைஞர் ஒருவர், பதிவின் தரம் மிக மோசமாக உள்ள துண்டு ஒன்று என்று இருக்கட்டும். ஒவ்வொன்றையும் முதலில் நீங்களே கையால் எழுதுங்கள்; அதுதான் மூலம். எழுத எவ்வளவு நேரம் பிடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழகிய கைக்கு ஒரு மணி நேரப் பதிவை எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் வேகம் எது என்று தெரிந்தால்தான் மென்பொருளால் மிச்சமாவது எவ்வளவு என்று தெரியும்.

மென்பொருள்களை ஒப்பிடப் பயன்படும் அளவுகோல் சொற்பிழை விகிதம். மூலத்தோடு ஒப்பிட்டு, மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், புதிதாகச் சேர்ந்த சொற்கள் ஆகியவற்றைக் கூட்டி, மூலத்திலுள்ள மொத்தச் சொற்களால் வகுப்பார்கள். தமிழில் இந்தக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதைப் பார்ப்போம். பெரியவர் ஒருவர், "மழை பேஞ்சு கம்மா நெறஞ்சா மொத மடையத் தொறந்து விடுவாய்ங்க" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதை, "மழை பெய்து அம்மா நிறைஞ்சா முதல் மடையைத் திறந்து விடுவாங்க" என்று எழுதுகிறது. எட்டுச் சொற்களில் "மழை" ஒன்றுதான் அப்படியே பொருந்துகிறது, ஏழு மாறிவிட்டன, விகிதம் 87.5 விழுக்காடு. மூலத்தை நீங்கள் "மழை பெய்து கண்மாய் நிறைந்தால் முதல் மடையைத் திறந்து விடுவார்கள்" என்று எழுத்து வழக்கில் எழுதிவைத்திருந்தால் மூன்று சொற்கள் மட்டுமே மாறும், விகிதம் 37.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். மென்பொருள் எழுதியது இரண்டு கணக்கிலும் ஒன்றேதான். வாசிப்பவருக்கோ கெட்டுப்போனது ஒரே சொல்: கண்மாய், அம்மாவாகிவிட்டது.

சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கம் இன்னொரு சிக்கல். மூலத்தில் "வந்துகொண்டிருந்தான்" என்று ஒரே சொல்லாக எழுதியிருக்க, மென்பொருள் "வந்து கொண்டிருந்தான்" என்று பிரித்து எழுதினால், ஒரு சொல் மாறியதாகவும் ஒரு சொல் கூடியதாகவும் இரண்டு பிழைகள் கணக்கில் ஏறும். இதைத் தவிர்க்க, சொற்களுக்குப் பதிலாக மாறிய எழுத்துகளை எண்ணும் எழுத்துப்பிழை விகிதத்தையும் பார்ப்பார்கள். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "தண்ணி வரல" என்பதை "தண்ணி வர" என்று மென்பொருள் எழுதினால் விட்டுப்போனது ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் தண்ணீர் வராத ஆண்டு, தண்ணீர் வந்த ஆண்டாகிவிடும். பேச்சில் எதிர்மறையை வாக்கிய இறுதியிலுள்ள "ல" மட்டுமே தாங்கி நிற்பதும், மதுரைப் பக்கத்து வேகத்தில் அது பாதி விழுங்கப்படுவதும் வழக்கம் என்பதால், இந்தப் பிழையைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஆகவே விகிதத்தைக் கணக்கிட்டாலும், பிழைகளை இரண்டாகப் பிரித்துக் குறியுங்கள். வழக்கு மாறியது, ஒற்று விடுபட்டது, சொல் பிரிந்தது, ல-ள-ழ, ர-ற மாறியது போன்றவை கண்ணில் பட்டதும் திருத்தக்கூடியவை. எதிர்மறை கெட்டது, ஆள் பெயர், ஊர்ப் பெயர், எண், தொழிற்சொல் மாறியது, ஒரு வாக்கியமே விடுபட்டது, சொல்லாத வாக்கியம் சேர்ந்தது போன்றவை, ஒலியைத் திரும்பக் கேட்காமல் கண்டுபிடிக்கவே முடியாதவை. இந்த இரண்டாவது வகையைச் சிவப்பு மையில் குறித்து எண்ணுங்கள். சிவப்பு குறைவாக உள்ள மென்பொருள், மொத்த விகிதத்தில் சற்றுப் பின்தங்கினாலும் அதையே எடுத்துக்கொள்ளலாம். அழகாக எழுதி, நடுவில் பொய் சொல்லும் மென்பொருளைவிட, அசிங்கமாக எழுதிப் பிழையை வெளிப்படையாகக் காட்டுவது திருத்துபவருக்கு நல்லது.

பிறகு திருத்தும் நேரம். ஒரே துண்டை மூன்று மென்பொருள்களில் ஓட்டி மூன்றையும் நீங்களே அடுத்தடுத்துத் திருத்தினால், மூன்றாவது வேகமாக முடியும். பேச்சு உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். ஆகவே முதல் துண்டுக்கு ஒரு மென்பொருளையும் இரண்டாவது துண்டுக்கு வேறொன்றையும் முதலில் திருத்துங்கள், அல்லது நேர்காணலைக் கேட்டிராத நண்பர் ஒருவரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். திருத்த ஆகும் நேரம், கையால் எழுத ஆன நேரத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த வகைப் பதிவுக்கு அந்த மென்பொருள் வேண்டாம். திருத்துவதற்குச் சப்டைட்டில் எடிட், ஓடிரான்ஸ்கிரைப், மொழியியலாளர்கள் பயன்படுத்தும் ஈலான் ஆகிய இலவசக் கருவிகளில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். ஒலியை நிறுத்தவும் மூன்று நொடி பின்னால் போகவும் சுட்டியைத் தேடிக்கொண்டிருந்தால் நேரக் கணக்கே தவறிவிடும்.

அமைப்புகளில் கவனிக்க வேண்டியவை

மொழியைத் தானாகக் கண்டறியும்படி விடாமல், தமிழ் என்று நீங்களே குறியுங்கள். பதிவின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் தேதி சொல்லியிருந்தால், சில மென்பொருள்கள் முழுப் பதிவையும் ஆங்கிலமாக எடுத்துக்கொள்ளும். விஸ்பரில் எழுத்தாக்கம், மொழிபெயர்ப்பு என இரண்டு வேலைகள் உண்டு. மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பேச்சு ஆங்கில எழுத்தாக வரும். அதை அடிப்படையாகக் கொண்டு உருவான செயலிகள் பலவற்றில் இந்த இரண்டும் ஒரே திரையில் அருகருகே இருக்கின்றன.

விஸ்பர் ஒலியை 30 நொடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. துண்டில் பேச்சே இல்லாமல் மௌனமோ இரைச்சலோ மட்டும் இருந்தால், யாரும் சொல்லாத வாக்கியத்தை அது எழுதிவிடுவதுண்டு. சில நேரம் ஒரே சொற்றொடரைப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே போகும். பெரியவர்கள் நினைவுகூர்ந்து யோசிக்கும் நேர்காணலில் மௌனத்துக்குப் பஞ்சமில்லை. பேச்சு உள்ள இடத்தை மட்டும் முன்கூட்டியே பிரித்தெடுக்கும் வசதியை இயக்கிவிட்டால் இது பெருமளவு குறையும். முந்தைய துண்டின் எழுத்தை அடுத்த துண்டுக்குத் துணையாகக் கொடுக்கும் அமைப்பை அணைத்துவிட்டால், திரும்பத் திரும்ப எழுதும் தொல்லையும் குறையும்.

தொழிற்சொற்களையும் பெயர்களையும் முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி கட்டணச் சேவைகள் சிலவற்றில் உண்டு. பாசனம் பற்றிய நேர்காணல் என்றால் கண்மாய், கம்மா, கலுங்கு, மடை, நீர்க்கட்டி, பெரியாற்றுக் கால்வாய் என்றும், பேசுபவர் பெயர் சொல்லக்கூடிய ஊர்களான கொட்டாம்பட்டி, சோழவந்தான், வாடிப்பட்டி, பேரையூர் என்றும் ஒரு பட்டியல் கொடுக்கலாம். கம்மா, சோளவந்தான் என்பவை போலப் பேச்சில் ஒலிக்கும் வடிவத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். விஸ்பரிலும் முன்குறிப்பாகச் சில சொற்களைக் கொடுக்க இடமுண்டு. ஆனால் அதற்கான இடம் 224 கூறுகள் மட்டுமே. தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் அதில் பல கூறுகளாக உடைக்கப்படுவதால் பட்டியல் நீண்டால் முன்பகுதி வெட்டுப்படும். மிக முக்கியமான சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்களில் சுங்குடித் தொழில் பற்றியோ நெசவு பற்றியோ நேர்காணல் எடுத்தால், பேசுபவர் நடுவில் வீட்டாரிடம் தம் மொழியில் ஏதேனும் கேட்டுத் தெளிந்துகொள்வார். சௌராஷ்டிரம் விஸ்பரின் மொழிப் பட்டியலில் இல்லை. தமிழ் என்று குறித்திருப்பதால் மென்பொருள் அந்த இடத்தையும் தமிழ்ச் சொற்களைப் போல எதையாவது இட்டு நிரப்பும். அது வாக்கியம் போலவே தோன்றும். பதிவு செய்யும்போதே அந்த நிமிடங்களைக் குறித்துவைத்து, வெட்டி எடுத்து, அம்மொழி அறிந்தவரிடம் கொடுங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோரின் பதிவுக்கும் இதே முறைதான்.

பேசுபவர்களைப் பிரித்துக் காட்டும் வசதி இருவர் மாறி மாறிப் பேசும்போது பயன்படும். சாவடியில் ஐந்து பேர் ஒன்றாகப் பேசினால் அதை நம்ப வேண்டாம். நேரக் குறியீடு கட்டாயம் வேண்டும், அது இல்லாத மென்பொருளை நேர்காணலுக்கு எடுக்கவே வேண்டாம்.

பதிவு எங்கே போகிறது

இணையச் சேவை எதுவாக இருந்தாலும் உங்கள் பதிவு வேறொருவரின் கணினிக்குப் போகிறது. ஊர்ப் பெரியவர் நிலத் தகராற்றைப் பற்றி, சாதிச் சண்டையைப் பற்றி, குடும்ப விவகாரத்தைப் பற்றி உங்களை நம்பிப் பேசியிருப்பார். குரலும் பெயரும் தனிநபர் தரவு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை மையமாகக் கொண்டது. பதிவை எழுத்தாக்க வெளிச் சேவைக்கு அனுப்புவோம் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் சம்மதத்தைப் பதிவிலேயே ஒலியாக வாங்கிக்கொள்ளுங்கள். சேவையின் விதிமுறையில் பார்க்க வேண்டியவை மூன்று: பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தங்கள் மாடலைப் பயிற்றுவிக்க அதைப் பயன்படுத்துவார்களா, நீங்கள் கேட்டால் அழிப்பார்களா. இலவசச் சேவைகளில் இரண்டாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் இருப்பது அரிதல்ல. கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்க வேண்டிய வழக்கறிஞரும் நோயாளியின் விவரத்தைச் சொல்லி எழுதவைக்கும் மருத்துவரும், சொந்தக் கணினியில் இயங்கும் மென்பொருளோடு நின்றுகொள்வது நல்லது. கூகுளின் கணினியில் நிரலை ஓட்டவிடும் கூகுள் கோலாப் போன்ற இடத்தில் விஸ்பரை இலவசமாக ஓட்டுவதும் இணையச் சேவைதான். மென்பொருள் திறந்த மூலம் என்பதால் பதிவு உங்களிடமே இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

செலவும் கோப்பும்

கட்டணத்தைக் கணக்கிடும்போது நிமிடத்துக்கு எவ்வளவு என்பதோடு, பதிவின் நீளத்தை எந்த அளவுக்கு மேல்நோக்கி முழு எண்ணாக்கிக் கணக்கிடுகிறார்கள், மௌனத்துக்கும் கட்டணம் உண்டா, பேசுபவரைப் பிரிக்கத் தனிக் கட்டணமா, ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று பாருங்கள். மாதச் சந்தா ஒரு முறை மட்டும் பதிவு எடுப்பவருக்குக் கட்டுப்படியாகாது. பத்து மணி நேரப் பதிவுக்காகப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவதும் அப்படித்தான்.

வெளியீடு யூனிகோடு எழுத்தில் கிடைக்கும். அச்சகத்திலும் டிடிபி நிலையத்திலும் பழைய எழுத்துருக் குறியீடுகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், நூலாக்கப் போகிறவர் அங்கே யூனிகோடு கோப்பை நேரடியாக ஏற்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றியின் வழியாகப் போகும் எழுத்தை இன்னொரு முறை மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கும். "கொ" போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகக் குறியிட முடியும் என்பதால், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் சொல் தேடலில் அகப்படாமல் போவதும், பிழைக் கணக்கில் ஏறிவிடுவதும் உண்டு. ஒப்பிடுவதற்கு முன் இரு கோப்புகளையும் ஒரே வடிவத்துக்குச் சீராக்கிக்கொள்ளுங்கள். சப்டைட்டிலுக்கு எஸ்ஆர்டி வடிவத்திலும், ஆய்வுக்கு நேரக் குறியீட்டோடு கூடிய எளிய உரைக் கோப்பாகவும் ஏற்றுமதி செய்ய முடிகிறதா என்று வாங்குவதற்கு முன்பே ஒரு துண்டை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு, மென்பொருளின் பெயர், மாடலின் அளவு, பதிப்பு எண், ஓட்டிய தேதி, மாற்றிய அமைப்புகள் ஆகியவற்றை ஒவ்வொரு எழுத்தாக்கத்தின் தலையிலும் எழுதிவையுங்கள். இணையச் சேவைகள் தம் மாடலை அறிவிப்பில்லாமல் மாற்றக்கூடும். சென்ற ஆண்டு எழுதிய நேர்காணலும் இந்த ஆண்டு எழுதியதும் ஒரே சேவையின் பெயரில் இருந்தாலும் வேறு வேறு பிழைகளோடு இருக்கும். மென்பொருள் முதலில் கொடுத்த திருத்தாத கோப்பையும், திருத்திய கோப்பையும், மூல ஒலியையும் தனித்தனியே சேமியுங்கள். சோதனைக்காக வெட்டிய துண்டுகளையும் கையால் எழுதிய மூலத்தையும் எறிந்துவிடாதீர்கள். புதிய மாடல் ஒன்று வெளிவரும்போது அதே துண்டுகளை அதில் ஓட்டிப் பார்த்தால், மாறுவதா வேண்டாமா என்பது அரை நாளில் தெரிந்துவிடும்.